வார்டுக்குள் எறும்பு: ஸ்பிரேயா, பொடியா, தண்ணீர்க் கிண்ணமா, இரை மருந்தா?

ஐப்பசி மழை பிடித்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி எறும்பைப் பற்றித்தான். அம்பாசமுத்திரம் பக்கம் 20 கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்தும் அண்ணாச்சி ஒருவர், "மாசாமாசம் ஆள் வந்து மருந்து அடிச்சிட்டுத்தாம்மா போறான். ஒரு வாரம் கண்ணுல படாது. அப்புறம் பாத்தா, முன்ன ஒரு ரூம்ல இருந்தது இப்ப நாலு ரூம்ல இருக்கு" என்றார். பேட்டையிலிருந்து பேசிய ஒரு பெண்ணுக்கு வேறு கவலை. சர்க்கரைப் புண்ணோடு வீட்டில் படுத்திருக்கும் அம்மாவின் கால்கட்டில் எறும்பு ஏறியிருக்கிறது. "கட்டிலைச் சுத்திப் பொடி போடவா, சாக்பீஸால கோடு போடவா சிஸ்டர்?"

30 வருஷத்துக்கு மேல் வார்டுகளில் நின்றவள் நான். இந்த இரண்டு பேருக்கும் ஒரே மருந்தைச் சொன்னால் ஒருவருக்காவது கெடுதல் செய்துவிடுவேன். எந்த மருந்து சீக்கிரம் கொல்லும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சீக்கிரம் கொல்வதுதான் பல ஆஸ்பத்திரிகளில் எறும்பைப் பெருக்கிவிட்டிருக்கிறது.

## எறும்பால் என்ன கெடுதல்?

எறும்பு கடித்து நோய் வருவதில்லை. அது நடந்து வருகிற வழியால் வருகிறது. பெட்பேன் கழுவும் இடம், கட்டு மாற்றிய பஞ்சு கிடக்கும் வாளி, சிங்க்கின் சாக்கடைத் துளை, சளி துப்பிய கிண்ணம், எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட்டு அதே காலோடு டிரெஸ்ஸிங் டிராலிக்கு வரும். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பிடித்த பார்வோன் எறும்பு என்ற பொடி மஞ்சள் எறும்புகளின் மேல் சூடோமோனாஸ், ஸ்டேஃபிலோகாக்கஸ், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருந்ததை பீட்சன் என்பவர் 1972-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகு பிரேசில் ஆஸ்பத்திரிகளிலும் எறும்புகளைப் பிடித்து, அவற்றின் மேலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை செய்து இதையே பார்த்திருக்கிறார்கள்.

ஒரு நோயாளிக்கு வந்த தொற்று எறும்பால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம். வார்டில் கிருமியை அதிகம் கடத்துவது இன்றும் நம் கைதான். ஆனால் கையைக் கழுவ வைக்கலாம், எறும்பைக் கழுவ வைக்க முடியாது. கை போகாத இடத்துக்கும் அது போகும். ஒட்டி மூடிய காஸ் துணிப் பாக்கெட்டுக்குள், டிரிப் ஊசிக்கு மேல் போட்ட பிளாஸ்டருக்கு அடியில், மாவுக்கட்டின் இடுக்கில் எல்லாம் பார்த்திருக்கிறேன். எறும்பின் உடம்பில் கிருமியைக் கொல்லும் நீரைச் சுரக்கிற சுரப்பி இருக்கிறதே, அது சுத்தமான பிராணிதானே என்று படித்தவர்கள் சிலர் கேட்பதுண்டு. சுரப்பி இருப்பது உண்மை. அது தன் கூட்டைக் காப்பாற்ற வைத்திருக்கிறது. பெட்பேனில் ஒட்டிய காலை நமக்காக அது சுத்தம் செய்து கொண்டு வருவதில்லை.

## முதலில், எந்த எறும்பு?

இதைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வெளிர் மஞ்சளாக, 2 மில்லிமீட்டர் அளவில், சுவிட்ச் பெட்டிக்குள்ளிருந்தும் டைல்ஸ் இடுக்கிலிருந்தும் சன்னமாகச் சாரை போவது பார்வோன் எறும்பு. ஆஸ்பத்திரிக்குள் மிக மோசமானது இதுதான். தலை கருத்து, வயிறு வெளுத்துக் கிடக்கும் இன்னொரு பொடி எறும்பு உண்டு. நசுக்கினால் ஊசிப்போன தேங்காய் வாசம் அடிக்கும். அதுவும் சுவருக்குள் குடியிருக்கிற ரகம். கருப்பாக, நீண்ட காலோடு தறிகெட்டு ஓடுவதைச் சாமி எறும்பு என்று நாம் கொல்லாமல் விடுவோம். வாசலில் அரிசிமாக் கோலம் போட்டு எறும்புக்குப் படியளந்த வழக்கம் நமக்கு. வீட்டு வாசலில் அது இருந்துவிட்டுப் போகட்டும், ஐசியு வாசலில் கூடாது. நான்காவது, வெளியே மண்ணில் புற்று வைத்து, மழை வந்தால் உள்ளே ஏறிக் கடிக்கிற செவ்வெறும்பு.

சுவருக்குள் இருப்பதற்கும் மண்ணுக்குள் இருப்பதற்கும் வைத்தியம் நேர் எதிர்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்ப்பேன். ராணி வரைக்கும் போய்ச் சேருமா? நோயாளிக்குப் பக்கத்தில் வைக்கலாமா? பலன் எப்போது தெரியும்? தினம் யார் மெனக்கெட வேண்டும்? கண்ணில் படாத செலவு என்ன? இதில் இரண்டாவது கேள்விக்குத் தோற்றது எதுவானாலும் வார்டுக்குள் வரக் கூடாது.

| வழி | ராணி வரை போகுமா | நோயாளி பக்கத்தில் | பலன் தெரிய | தினசரி மெனக்கெடல் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|---|
| ஸ்பிரே | போகாது | கூடாது | அன்றைக்கே | இல்லை | கூட்டம் பிரிந்து பரவுவது |
| பொடி, சாக்பீஸ் | அநேகமாகப் போகாது | கூடவே கூடாது | ஓரிரு நாள் | குறைவு | காற்றில் பறப்பது, குழந்தை கையில் சிக்குவது |
| தண்ணீர்க் கிண்ணம் (கட்டில் காலுக்கு) | போகாது | வைக்கலாம் | அந்த நிமிஷமே | நிறைய | கொசுப்புழு, வயர் வழியாக எறும்பு ஏறுவது |
| இரை மருந்து (தித்திப்பில் கலந்து வைப்பது) | போகும் | ஒதுக்குப்புறமாக வைக்கலாம் | 2 வாரம் முதல் 2 மாதம் | நடுத்தரம் | முதல் நாட்களில் எறும்பு கூடுவது |
| ஓட்டை அடைப்பு, சாப்பாட்டு ஒழுங்கு | பட்டினி போடும், கொல்லாது | நல்லது | மெதுவாக | தொடர்ந்து | கட்டில் காலியாகக் கிடக்கும் நாட்கள் |

## ஸ்பிரே

அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் ஒரு ரூம் நாலு ரூம் ஆனது ஸ்பிரேயால்தான். பார்வோன் எறும்புக் கூட்டத்தில் ஒரு ராணி அல்ல, நிறைய ராணிகள். வெளியே நாம் பார்க்கிற சாரை, மொத்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. பைரித்ராய்டு வகை மருந்தை அடித்ததும் சாரை செத்துவிடும், நமக்குத் திருப்தி. உள்ளே இருப்பவை வாடை பிடித்து, முட்டையையும் புழுவையும் தூக்கிக்கொண்டு, ராணிகளில் சிலவற்றோடு சுவருக்குள்ளேயே நாலா பக்கமும் பிரிந்து போய்த் தனித்தனிக் குடித்தனம் வைக்கும். அடுத்த மாதம் மறுபடி அடித்தால் மறுபடி பிரியும். மாதச் சந்தா கட்டி எறும்பு வளர்த்த மாதிரி ஆகிவிடுகிறது.

மருந்து அடித்த அறையில் இழுப்பு நோயாளியைப் படுக்க வைக்க முடியாது என்பதும், மருந்து வாடை உள்ள இடத்தில் அதன்பின் வைக்கிற இரையை எறும்பு தொடாது என்பதும் ரசீதில் வராத செலவுகள்.

ஸ்பிரேக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. காம்பவுண்ட் ஓரம் மண்ணில் இருக்கும் செவ்வெறும்புப் புற்றுக்கு மருந்து ஊற்றலாம். கட்டடத்தின் வெளிச் சுவரடியில், உள்ளே இரை வைத்து எல்லாம் அடங்கிய பிறகு, மழைக்கு முன்னால் ஒரு சுற்று அடிக்கலாம். உரிமம் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். 1968-ஆம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அவர்களுக்கு உரிமம் உண்டு, கேட்டால் காட்டுவார்கள். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எந்த அறை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளின் சுத்தத்தைப் பார்க்கும் காயகல்ப் மதிப்பீட்டில் பூச்சி, விலங்குக் கட்டுப்பாடுதான் முதல் தலைப்பாக நிற்கிறது. தனியார் இடத்திலும் அந்தப் பழக்கம் நல்லது.

## பொடியும் சாக்பீஸும்

சுருக்கமாகவே சொல்கிறேன், வார்டில் வேண்டாம். தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிற அறையில் தரையில் தூவிய பொடி தரையிலேயே கிடக்காது. புண்ணிலும், மூடாத தண்ணீர்ச் செம்பிலும், நெபுலைசர் மாஸ்க்கிலும் போய் உட்காரும். எங்கள் ஆச்சி வீட்டில் அரிசி மூட்டையைச் சுற்றிக் கமாக்சின் பொடி போட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த பிஎச்சி மருந்தை இந்தியாவில் 1997-லேயே தடை செய்தாயிற்று. பழைய டப்பா எந்தப் பரணிலாவது இருந்தால் இப்போதும் எடுத்துப் போடாதீர்கள். சாக்பீஸ் பார்க்க எழுதுகிற சாக்பீஸ் மாதிரியே இருக்கிறது, பிள்ளைகள் வாயில் வைக்கும். சுவருக்குள் போகும் வயர் குழாய் மாதிரி மூடிய இடத்தில், தெரிந்த ஆள் கொஞ்சமாகப் பொடி ஊதி அடைப்பது மட்டும் சரி.

மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் சாரையை ஒரு முழம் தள்ளிப் போக வைக்கும். அவ்வளவுதான்.

## தண்ணீர்க் கிண்ணம்

நம் வீடுகளில் மீன்குழம்புச் சட்டியையும் பால் பாத்திரத்தையும் காப்பாற்றிய முறை. கட்டில் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்துவது. விஷம் இல்லை, செலவு இல்லை, இன்றைக்கு ராத்திரிக்கே உதவும். அதனால்தான் இதை நான் மிகவும் நம்பினேன். நம்பிக்கை உடைந்த ராத்திரியையும் சொல்ல வேண்டும்.

பல வருஷத்துக்கு முன், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. விடியற்காலை 3 மணி. குழந்தைக்குச் சூடு கொடுக்கிற வார்மரில் எடை குறைந்த குழந்தை. நான்கு காலுக்கும் கிண்ணம் வைத்து, தண்ணீரையும் மாற்றியிருந்தோம். குழந்தை அழவில்லை, சிணுங்கியது. அந்தச் சிணுங்கலில் ஏதோ வித்தியாசம். டார்ச் அடித்துப் பார்த்தால், மணிக்கட்டில் ஊசியை ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஓரத்தில் ஏழெட்டு எறும்பு. வெள்ளைப் பிளாஸ்டரில் அந்த வெளிர் நிறம் கண்ணுக்கே தெரியவில்லை, அசைவுதான் தெரிந்தது. பிளாஸ்டருக்கு அடியில் குளுக்கோஸ் துளி கசிந்து காய்ந்திருந்தது. சாரையைப் பின்தொடர்ந்தேன். துண்டின் மடிப்பு, வார்மரின் கம்பி, அதிலிருந்து கரண்ட் வயர். வயர் வழியாகவே நடந்து, சுவரிலிருந்த பிளக் பெட்டியில் யாரும் எதையும் செருகாத ஒரு துளைக்குள் போய் மறைந்தன. கீழே நான்கு கிண்ணத்திலும் தண்ணீர் தெளிவாக இருந்தது.

உடனே ஊசியை எடுத்துவிட்டு வேறு கையில் போட்டோம். குழந்தை நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து கிண்ணம் வைத்தாயிற்றா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கட்டிலைத் தொடுவது என்னென்ன என்றுதான் கேட்பேன். சுவரைத் தொடும் போர்வை, தரையில் புரளும் கொசுவலை, ஆக்சிஜன் டியூப், மானிட்டர் வயர், டிரிப் ஸ்டாண்டு, எல்லாம் பாலம்தான்.

இதிலுள்ள பெரிய செலவு கொசு. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எறும்புக்கு வைத்த கிண்ணம் காய்ச்சல் வார்டில் கொசு வளர்க்கக் கூடாது. தினமும் தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். சக்கரம் வைத்த கட்டிலுக்குக் கிண்ணம் பொருந்தாது. கட்டில் காலில் வாசலின் தடவுகிறார்கள், தூசி படிந்த மறுநாளே அதன்மேல் எறும்பு நடக்கும். ஆக்சிஜன் வால்வுக்குப் பக்கத்தில் வாசலினோ எண்ணெயோ தடவவே கூடாது, தீப்பிடிக்கும்.

## இரை மருந்து

சுவருக்குள் இருக்கிற எறும்புக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

வளர்ந்த எறும்பால் திடமான தீனியை விழுங்க முடியாது. நீராகக் குடித்து, வயிற்றில் தேக்கி, கூட்டுக்குப் போய் வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கு ஊட்டும். ராணிக்கும் புழுவுக்கும் அப்படித்தான் சாப்பாடு போகிறது. மெதுவாகக் கொல்லும் மருந்தைத் தித்திப்பில் கலந்து வைத்தால் அதே வழியில் மருந்தும் போய்ச் சேரும். வேகமாகக் கொன்றால் தூக்கிப் போகிற எறும்பு வழியிலேயே செத்து, ராணி தப்பிவிடும். இங்கே தாமதம்தான் பலம்.

கடையில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் கலந்த ஜெல்கள் கிடைக்கும். டப்பாவில் எறும்புக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், கரப்பானுக்கான ஜெல்லை எறும்பு சீண்டாமல் போகலாம். மலிவான வழி போரிக் பவுடர், கேரம் போர்டுக்குப் போடுவார்களே அதுதான். அரை லிட்டர் தண்ணீர், 50 கிராம் சீனி, 5 கிராம் போரிக். வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, பஞ்சில் நனைத்து, துளை போட்ட மூடியுள்ள சின்ன டப்பாவில் வையுங்கள். கூட்டினால் நல்லது என்று இரண்டு கரண்டி அள்ளிப் போட்டால் எறும்பு ஒதுங்கிவிடும், அல்லது கூடு போகுமுன் செத்துவிடும். நம் ஊர் வெயிலுக்குச் சீனித் தண்ணீர் புளித்துப்போகும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். போரிக் குழந்தைகளுக்கு விஷம். டப்பாவில் "விஷம்" என்று பெரிதாக எழுதுங்கள். மருந்து பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒருநாளும் கலந்து வைக்காதீர்கள்.

இரை வைக்கும் முன் ஒரு சோதனை. பார்வோன் எறும்பு ஒரு சமயம் தித்திப்பு தேடும், ஒரு சமயம் எண்ணெயும் புரதமும் தேடும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயைச் சில்லு சில்லாக உடைத்து அட்டைத் துண்டில் வைத்து, ராத்திரி ஒவ்வொரு அறை மூலையிலும் போடுங்கள். பாகும் கடலையும் சேர்ந்திருப்பதால் இரண்டு ஆசைக்கும் அது சரி. இரண்டு மணி நேரம் கழித்து எந்த அட்டையில் எத்தனை என்று எண்ணி, ஆஸ்பத்திரி வரைபடத்தில் குறியுங்கள். சாரை எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துவிடும். இரையை அங்கே வைக்க வேண்டும், நோயாளியின் கட்டிலடியில் அல்ல. கட்டிலடியில் வைப்பது எறும்பை அங்கே விருந்துக்கு அழைப்பது.

இதன் கஷ்டமும் தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் எறும்பு கூடும். நோயாளியின் சொந்தக்காரர்கள் போனில் படம் எடுப்பார்கள், டாக்டர் சத்தம் போடுவார். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சொட்டுச் சொட்டாக வைத்த ஜெல்லை அழுக்கு என்று நினைத்து ஆயாம்மா அடுத்த நாள் காலையிலேயே துடைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லவில்லை. வைத்த இடத்தைச் சுற்றி ஃபினாயில் போடக் கூடாது, ஸ்பிரே அடிக்கக் கூடாது என்று மூன்று ஷிஃப்ட்டுக்கும் சொல்லுங்கள். முட்டையிலிருந்து வேலைக்கார எறும்பாக வர ஏறக்குறைய 40 நாள் ஆகும். முட்டையும் கூட்டுப்புழுவும் எதையும் தின்னாது, அவை பொரிந்து வெளியே வரும்போதும் இரை இருக்க வேண்டும். அதனால் எறும்பைக் காணோம் என்று 15-ஆம் நாள் எடுத்துவிடாமல், 8 வாரமாவது விடுங்கள்.

## ஓட்டையும் சாப்பாடும்

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் பல, பழைய வீட்டை மாற்றிக் கட்டியவை. ஏசி குழாய்க்குக் குடைந்த துளை, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசல், சிங்க்குக்கு அடியில் பைப் போகிற ஓட்டை, காலியான சுவிட்ச் பெட்டி. வெள்ளை சிமென்ட்டும் சிலிக்கானும் போதும். ஆனால் அறையைக் காலி செய்ய வேண்டும், அந்த நாட்களின் வருமானம் போகும். ஒரு நேரத்தில் ஒரு அறை என்று எடுத்துக்கொண்டால் தாங்கலாம். இரை வைத்து அடங்கிய பிறகே அடையுங்கள். முன்னாலேயே அடைத்தால் உள்ளே இருப்பவை வேறு அறையில் வழி கண்டுபிடிக்கும்.

சாப்பாடு விஷயத்தில் நான் கண்டிப்பைவிட டப்பாவை நம்புகிறேன். ஊரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். அல்வாப் பொட்டலம், பன், ரஸ்க், கருப்பட்டிக் காப்பி, குடித்த இளநீர்க் கூடு கட்டிலடியில். கொண்டு வராதீர்கள் என்று போர்டு வைத்து எந்த ஆஸ்பத்திரியிலும் நின்றதில்லை. கட்டிலுக்கு ஒரு இறுக்கமான மூடி போட்ட டப்பா கொடுங்கள். இளநீர்க் கூட்டுக்கு வெளியே தனித் தொட்டி வையுங்கள். மீந்த குளுக்கோஸ் பாட்டிலை அப்படியே குப்பையில் போடாமல் சிங்க்கில் கொட்டித் தண்ணீர் விடுங்கள். சாரை போன தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அதன் வாசனைக் கோடும் அழிந்துவிடும். இரை வைத்த தடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

## எந்த இடத்துக்கு எது

பச்சிளங்குழந்தை அறை, தீக்காயம்: இன்றைக்குக் கிண்ணமும் பாலம் அறுப்பதும், அடுத்த அறையில் இரை. மருந்து அடிப்பது கிடையாது.

ஆபரேஷன் தியேட்டர், ஸ்டெரிலைசேஷன் அறை: உள்ளே எதுவும் வேண்டாம். உடை மாற்றும் அறையிலும் காரிடாரிலும் இரை வையுங்கள். ஓட்டை அடைப்பை இங்கிருந்து தொடங்குங்கள். ஸ்டெரைல் பாக்கெட்டில் ஒரு எறும்பைப் பார்த்தாலும் அந்தப் பாக்கெட் முழுக்க வீண், தட்டிவிட்டு உபயோகிக்கக் கூடாது.

சமையல்கட்டு, காம்பவுண்ட்: உள்ளே இரை, வெளியே மண்புற்றுக்கு மருந்து.

அண்ணாச்சிக்கு: மாதாமாதம் அடிக்கும் ஸ்பிரேயை முதலில் நிறுத்துங்கள். வாடை போக இரண்டு மூன்று வாரம் விட்டு, கடலைமிட்டாய்ச் சோதனை செய்து இரை வையுங்கள். புரட்டாசியில் ஆரம்பித்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் ஆனிச் சாரலுக்கு முன்னாலும் ஒரு சுற்று வைக்க வேண்டும். மண் ஊறினால் எறும்பு மேட்டைத் தேடும், நம் கட்டடம்தான் அதற்கு மேடு.

பேட்டைத் தங்கச்சிக்கு: பொடியும் வேண்டாம், சாக்பீஸும் வேண்டாம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். போர்வை, கொசுவலை எதுவும் தரையைத் தொடாமல் செருகுங்கள். கட்டில் கால்களுக்குச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம், தினமும் கழுவி வையுங்கள். போரிக் டப்பாவை அடுப்படியில் சாரை கிளம்புகிற மூலையில் வையுங்கள். கட்டை அவிழ்க்கும்போது உள்ளே எறும்பு இருந்தால், அதைத் தட்டிவிட்டு அதே துணியைத் திரும்பச் சுற்றாதீர்கள். புதுக் கட்டு போட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி படுக்குமுன் டார்ச் அடித்து விரல் இடுக்கு, குதிகால், கட்டின் ஓரம் மூன்றையும் நீங்களே பாருங்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி போனவர்களுக்கு எறும்பு கடிப்பது தெரியாது. அம்மாவிடம் கேட்டால் "ஒண்ணுமில்ல தாயி, நீ தூங்கு" என்றுதான் சொல்வார்கள்.